காற்று மாசு எண்ணைப் படிப்பது எப்படி: இந்த மணி நேரமும் நாளைக் காலையும்

போனில் காற்றுத் தர ஆப்பைத் திறந்தால் ஒரு எண் வரும், கூடவே ஒரு நிறம். 142, ஆரஞ்சு. வெளியே நடக்கப் போகலாமா, ஜன்னலைத் திறந்து வைக்கலாமா, பிள்ளையை விளையாட விடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தீர்கள். அந்த 142 இவற்றில் எதற்கும் நேரடியாகப் பதில் சொல்லாது, ஏனென்றால் பல ஆப்களில் அது நேற்று இதே நேரத்திலிருந்து இப்போது வரை அடித்த காற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்ட சராசரி. உங்களுக்கு வேண்டியதோ அடுத்த மூன்று மணி நேரம். இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வேதியியல் தெரிய வேண்டியதில்லை, ஒரு நோட்டும் இரண்டு வாரப் பொறுமையும் இருந்தால் போதும்.

1. நிறத்தை விட்டுவிட்டு மைக்ரோகிராமைத் தேடுங்கள்

ஏக்யூஐ என்கிற காற்றுத் தரக் குறியீடு கருவி அளந்த அளவு அல்ல, அளந்ததை வைத்துப் போட்ட மதிப்பெண். கருவி அளப்பது ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் நுண்துகள், இத்தனை ஓசோன், இத்தனை நைட்ரஜன் டை ஆக்சைடு என்று. ஒவ்வொன்றையும் ஒரு அட்டவணையில் வைத்து மதிப்பெண்ணாக மாற்றுவார்கள், அதில் எது மிக மோசமோ அதுவே அந்த இடத்தின் குறியீடு. கூட்டலும் இல்லை, சராசரியும் இல்லை. ஆகவே ஆப்பில் எண்ணைப் பார்த்ததும் அடுத்து பார்க்க வேண்டியது 'முதன்மை மாசு' எது என்பது. பெரும்பாலும் பிஎம் 2.5 என்று இருக்கும். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள்கள் இவை. ஒரு தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். கோடை மதியங்களில் அந்த இடத்தில் ஓசோன் வந்து உட்காரும், மண்புழுதி பறக்கும் நாளில் பிஎம் 10, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்கள். எது முதன்மை என்பதைப் பொறுத்து நீங்கள் செய்ய வேண்டியதே மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம், அந்த அட்டவணை நாட்டுக்கு நாடு வேறு. புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரு நாளின் பிஎம் 2.5 சராசரி 60 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அட்டவணையில் அது 154, சிவப்பு, 'உடல்நலத்துக்குக் கேடு'. இந்திய அட்டவணையில் சரியாக 100, இளம்பச்சை, 'திருப்திகரம்'. பிரிட்டனில் 1 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் 8, 'அதிகம்'. காற்று ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். ஒருவர் போனில் 154 என்றும் பக்கத்தில் இருப்பவர் போனில் 100 என்றும் வந்தால் யாருடைய ஆப்பும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வேறு நாட்டு அட்டவணையைப் போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரே நாட்டுக்குள்ளும் அட்டவணை மாறுவதுண்டு. அமெரிக்காவில் 'நல்லது' என்ற பிரிவின் மேல்வரம்பை 2024ல் 12 மைக்ரோகிராமிலிருந்து 9 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய வருட வரைபடத்தையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து 'பச்சை நாட்கள் குறைந்துவிட்டன' என்று சொல்வது வீண்.

அதனால் ஆப்பின் அமைப்புகளுக்குள் போய், குறியீட்டுக்குப் பதிலாக, அல்லது குறியீட்டோடு சேர்த்து, மைக்ரோகிராம் அளவைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒரு கோல் வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனம் 2021ல் திருத்திய வழிகாட்டு அளவுகள் இருக்கின்றன: பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரி 15, ஆண்டுச் சராசரி 5. பல பெருநகரங்கள் இதைப் பார்த்தே பல வருடங்களாகியிருக்கும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், எந்தப் பக்கம் நல்லது என்று காட்டும் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயுக்களுக்கு அலகையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஓசோனைச் சிலர் பிபிபி கணக்கில் (நூறு கோடியில் எத்தனை பங்கு) கொடுப்பார்கள், சிலர் மைக்ரோகிராமில். சாதாரண வெப்பநிலையில் 1 பிபிபி ஓசோன் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். இது தெரியாமல் இரண்டு தளங்களை ஒப்பிட்டால் ஒன்றில் பாதி மாசு என்று தோன்றும்.

2. அந்த எண் எந்த நேரத்தினுடையது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

துகள்களுக்கான குறியீடு அடிப்படையில் 24 மணி நேரச் சராசரிக்காக உருவானது. நல்வாழ்வு ஆய்வுகள் அப்படி இருந்ததால் அப்படி வைத்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு நல்ல காற்று வீசி வானம் தெளிந்துவிட்டது, ஐந்து மணிக்கு ஆப்பைப் பார்க்கிறீர்கள், இன்னும் சிவப்பு. அந்தச் சிவப்பு காலை நேரத்தினுடையது. இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து: மாலையில் எங்கோ எரியும் தீயின் புகை ஊருக்குள் நுழைந்துவிட்டது, மூக்கிலேயே வாசனை தெரிகிறது, ஆப்போ மஞ்சளில் சாவகாசமாக இருக்கிறது. 24 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம்தான் மோசம் என்பதால் சராசரி இன்னும் அசையவில்லை.

இதைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவின் ஏர்நவ் தளம் 'நவ்காஸ்ட்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, காற்று வேகமாக மாறிக்கொண்டிருந்தால் அண்மைய மணிகளுக்கு அதிக எடை கொடுக்கும், மாறாமல் இருந்தால் எல்லா மணிக்கும் ஏறக்குறைய சம எடை. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் அதுவும் சற்றுப் பின்தங்கியே வரும். இந்திய அரசின் சமீர் ஆப்பில் வரும் குறியீடு துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. ஒரே நிலையத்தை இரண்டு ஆப்பில் பார்த்து இரண்டு எண் வந்தால், முதலில் அட்டவணை, அடுத்து இந்தச் சராசரி நேரம், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. பெரிய எண்ணைத் தாண்டி கீழே இறங்கி, மணிவாரியான வரைபடத்தைத் திறங்கள். கடைசி மூன்று நான்கு பட்டைகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா? 'இப்போது 70, ஆனால் மூன்று மணி நேரமாக இறங்கிக்கொண்டிருக்கிறது' என்பது 'இப்போது 70' என்பதைவிட எவ்வளவோ பயனுள்ள செய்தி. கடைசிப் பதிவின் நேரத்தையும் பாருங்கள். சில தளங்கள் சர்வதேசத் திட்ட நேரத்தில் காட்டும், உங்கள் உள்ளூர் நேரத்தில் அல்ல. சில நிலையங்கள் ஆறு மணி நேரமாகப் பேச்சுமூச்சில்லாமல் இருக்கும், ஆப் பழைய எண்ணையே பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும். நான்கைந்து மணி நேரமாக அணுவளவும் மாறாத நேர்கோடு தெரிந்தால் அது காற்று அல்ல, கருவி கோளாறு.

3. யாருடைய கருவி, எங்கே நிற்கிறது

மூன்று வகை எண்கள் ஒரே மாதிரி உடையில் வரும். ஒன்று, அரசு நிலையம்: லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி, துகளை வடிதாளில் பிடித்து பீட்டா கதிரால் எடை கணிக்கும் வகை பரவலானது. இரண்டு, வீட்டு மாடியிலோ பால்கனியிலோ மாட்டும் சின்ன சென்சார். மூன்று, அங்கே கருவியே இல்லை, கணினி கணக்குப் போட்டுச் சொல்லும் மதிப்பீடு. வரைபடத்தில் ஊரெல்லாம் வண்ணம் பூசியிருந்தால் அதில் பெரும்பகுதி மூன்றாவது வகை. புள்ளியைத் தொட்டுப் பாருங்கள், நிலையத்தின் பெயர் வருகிறதா என்று.

சின்ன சென்சாரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், என்னிடமும் ஒன்று இருக்கிறது. லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், சரியான அளவைச் சொல்வதில் அரைகுறை. வாங்கிய முதல் மாதம் ஒரு மூடுபனிக் காலையில் அது 300ஐத் தாண்டியது, நான் ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் 80. காற்று அதற்குள் சுத்தமாகிவிடவில்லை. ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், பனித்துளியையும் லேசர் துகள் என்றே எண்ணும். அரசு நிலையங்களில் உள்ளே இழுத்த காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் அளப்பார்கள், இதில் அது கிடையாது. இன்னொரு பலவீனம், பெரிய புழுதித் துகள்களை இந்தச் சென்சார்கள் சரியாகப் பார்ப்பதில்லை, ஆகவே புழுதிப் புயல் நாளில் அது காட்டும் பிஎம் 10ஐ நம்ப வேண்டாம். பக்கத்து அரசு நிலையத்தோடு ஒரு வாரம் ஒப்பிட்டு, உங்கள் சென்சார் எத்தனை மடங்கு கூடுதலாகச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் பிறகு அது உருப்படியான துணை.

நிலையம் நிற்கும் இடமும் முக்கியம். பெரிய சாலையோரம் இருந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு தூக்கலாக இருக்கும். சாலையிலிருந்து நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போனாலே அது சட்டென்று குறையும். பிஎம் 2.5 அப்படி இல்லை, ஊர் முழுக்க ஓரளவு ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆகவே துகளுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையமும் பரவாயில்லை, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு ஒத்துவராது. இரண்டு நிலையங்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று காற்று வரும் திசையில். இரண்டாவதுதான் உங்கள் முன்னறிவிப்புக் கருவி.

4. ஒரு நாளின் ஏற்ற இறக்கம்

கணிப்பைப் பார்ப்பதற்கு முன் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பாதி நாட்களில் கணிப்பே தேவைப்படாது.

புகை கலப்பதற்குக் கிடைக்கும் காற்றின் உயரம் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கிறது. கலக்கும் உயரம் என்பார்கள். வெயில் தரையைச் சூடாக்கும்போது காற்று எழும்பிப் புரளும், பிற்பகலில் அந்த உயரம் ஒன்று இரண்டு கிலோமீட்டர் வரை போகும். சூரியன் சாய்ந்ததும் தரை குளிரும், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே படுத்துவிடும், மேலே இருக்கும் சூடான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள குளிர்கால இரவில் அந்த மூடி நூறு இருநூறு மீட்டர் உயரத்திலேயே இருக்கலாம். வண்டிகள் விடும் புகை அதேதான், அறையின் கூரை மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூச்சுமுட்ட வைத்த புகைமூட்டமும் இப்படியொரு மூடியின் கீழ்தான் உண்டானது. ஊர் அன்று வழக்கத்தைவிடப் பன்மடங்கு நிலக்கரி எரித்துவிடவில்லை, எரித்தது வெளியேற வழியில்லாமல் போயிற்று.

இதனால் குளிர்மாதங்களில் பிஎம் 2.5 காலை ஏழு முதல் ஒன்பது மணி வாக்கில் ஒரு மலை, பிற்பகலில் பள்ளம், இரவில் மறுபடி மலை என்று போகும். 'விடியற்காலைக் காற்று சுத்தமானது' என்று நம்பி இருட்டோடு ஓடப் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். குளிர்ச்சியைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூடி இன்னும் தூக்காத நேரம் அது, இரவெல்லாம் சேர்ந்தது அப்படியே கீழே கிடக்கும். ஓடும்போது உள்ளே போகும் காற்றோ உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு.

ஓசோன் இதற்கு நேர் எதிர். யாரும் புகைபோக்கியிலிருந்து ஓசோனை விடுவதில்லை, நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. எனவே மதியம் முதல் மாலை வரை உச்சம், இரவில் இறக்கம். வேடிக்கை என்னவென்றால், நெரிசலான சாலையோரத்தில் ஓசோன் குறைவாக இருக்கும், வண்டி விடும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். ஊருக்கு வெளியே, காற்று போகும் திசையில், மரம் செடி உள்ள இடத்தில் அதிகமாக இருக்கும். கோடை மதியத்தில் 'நல்ல காற்று' தேடிப் புறநகர்ப் பக்கம் போய் நெஞ்சு எரிகிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5. கணிப்பை எப்படிப் படிப்பது

கணிப்பு என்பது வானிலைக் கணக்கு, எங்கே எவ்வளவு புகை வெளியாகிறது என்ற பட்டியல், காற்றில் நடக்கும் வேதிவினைகள் ஆகிய மூன்றையும் கணினியில் சேர்த்து ஓட்டுவது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை உலகம் முழுவதற்கும் ஐந்து நாட்களுக்கான கணிப்பை நாளுக்கு இரண்டு முறை வெளியிடுகிறது, இலவசம், பல ஆப்கள் உள்ளுக்குள் இதைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். ஒரு பெருநகரமே ஒன்றிரண்டு கட்டத்தில் அடங்கிவிடும்! உங்கள் தெருவுக்கு நாளை காலை எட்டு மணிக்கு 63 என்று ஒரு ஆப் சொன்னால், அந்த 63ல் தெரு எங்கும் இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? நேரத்தையும் திசையையும். எண் பிசகினாலும், 'நாளை இரவு ஏறும், மறுநாள் மதியத்துக்கு மேல் இறங்கும்' என்ற வடிவத்தைக் கணிப்புகள் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கின்றன, ஏனென்றால் அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது வானிலை, வானிலையில் ஒன்றிரண்டு நாள் கணிப்பு இப்போது நன்றாகவே இருக்கிறது. முதல் 24 மணி நேரத்தை நம்பித் திட்டம் போடலாம், இரண்டாம் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கலாம், நான்காம் ஐந்தாம் நாளைப் பார்த்துச் சுற்றுலாவை ரத்து செய்ய வேண்டாம்.

நான் மாலையில் பார்க்கும் வரிசை இது. நிலையத்தில் இன்றைய வளைவு எங்கே நிற்கிறது? நாளைக்கும் இன்றைக்கும் வானிலை ஒன்றுபோலிருந்தால் நாளையும் இன்றைப் போலத்தான், வேறு எந்தக் கணக்கும் வேண்டாம். அடுத்து காற்றின் வேகம். தரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே, இரவு தெளிந்த வானம் என்றால் காலை மோசம் என்று எழுதி வைத்துவிடலாம். அதற்கடுத்து திசை: வேறு பக்கம் திரும்புகிறதா, திரும்பும் பக்கத்தில் என்ன இருக்கிறது, கடலா, தொழிற்பேட்டையா, எரியும் வயலா, காடா. மழையை எல்லோரும் பெரிதாக நம்புகிறார்கள். நல்ல மழை புழுதியை அடக்கும், ஆனால் தூறல் பிஎம் 2.5ஐ அவ்வளவாகக் கழுவாது. மழைக்குப் பிறகு காற்று தெளிந்தால் பல நேரங்களில் அதைச் செய்தது மழையோடு வந்த காற்று.

தீ எரியும் பருவத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் செயற்கைக்கோள் கண்டுபிடித்த தீப்புள்ளிகள் சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். புள்ளிகளையும் காற்றுத் திசையையும் ஒன்றாகப் பார்த்தால் புகை வருமா என்று ஊகிக்கலாம். 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நியூயார்க் வானத்தை ஆரஞ்சாக்கியது, அந்த ஊரில் எதுவும் எரியவில்லை. புகை வரைபடம் பார்க்கும்போது அது தரைமட்டத்துக்கானதா, மொத்த வானத்துக்கானதா என்று கவனியுங்கள். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும் புகை சூரியனைச் சிவப்பாக்கும், உங்கள் மூக்குக்கு வராமலே போகலாம்.

கணிப்பு தவறவிடுவதும் உண்டு. பட்டாசு வெடிக்கும் இரவு, குப்பை மேட்டில் பற்றிய தீ, பக்கத்து மனையில் கட்டட இடிப்பு, இவை எதுவும் கணிப்புக்குள் போகும் அந்தப் புகைப் பட்டியலில் இருக்காது. அங்கே நிலையமும் மூக்கும்தான்.

இப்போது அந்த நோட்டு. தினமும் மாலை மூன்று எண்கள் போதும்: நாளைக் காலை எட்டு மணிக்குக் கணிப்பு சொல்லும் பிஎம் 2.5, உங்கள் சொந்த ஊகம், மறுநாள் நிலையம் உண்மையில் காட்டியது. இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியும், அந்த ஆப் உங்கள் இடத்தில் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பது. எனக்குக் கிடைத்தது: அசைவில்லாத இரவுகளில் அது பாதிதான் சொல்கிறது, காற்றடிக்கும் நாட்களில் ஏறக்குறைய சரி. இப்போதெல்லாம் காற்றில்லாத மாலை என்றால் அதன் எண்ணை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். உங்கள் இடத்துக்கு உங்கள் பெருக்கல் வேறாக இருக்கும்.

6. சரி, என்ன செய்வது

பிஎம் 2.5 ஆளும் நாட்களில் நடை, ஓட்டம் எல்லாவற்றையும் பிற்பகல் பள்ளத்துக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் பெரிய சாலையை விட்டு உள் தெருக்களில் போங்கள். ஜன்னலை அந்தப் பள்ளத்தில் நன்றாகத் திறந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மூடிவிடுங்கள். என்95 முகக்கவசம் துகளுக்கு நன்றாக வேலை செய்யும், விளிம்பில் இடைவெளி இல்லாமல் முகத்தில் பொருந்தினால். துணிக் கவசம் மனத் திருப்திக்கு. ஓசோன் நாட்களில் எந்தச் சாதாரணக் கவசமும் உதவாது, அது வாயு, வடிகட்டியில் நிற்காது. அன்று காலையிலேயே வெளிவேலையை முடித்துவிட்டு மதியம் உள்ளே இருப்பதுதான் வழி. புழுதி நாளில் கவசமும் கண்ணாடியும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதென்றால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, அறைக்குப் போதுமான காற்றோட்ட அளவு உள்ளதாகப் பாருங்கள், 'ஓசோன் உண்டாக்கிச் சுத்தம் செய்யும்' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். காரில் போகும்போது உள்காற்றையே சுழற்றும் பொத்தானை நெரிசலில் அழுத்துங்கள், நீண்ட பயணத்தில் அவ்வப்போது விடுவியுங்கள், இல்லாவிட்டால் கரியமில வாயு ஏறித் தூக்கம் வரும்.

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், வளைவு ஏறத் தொடங்கும்போதே உள்ளே வந்துவிடுங்கள். பச்சை காட்டும்போதே இழுப்பு வந்தால் எண்ணோடு வாதாட வேண்டாம், உடம்பு சொல்வதைக் கேளுங்கள், தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. சின்ன சென்சார் இருந்தால் வெளியே மோசமான ஒரு நாளில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சமையலறை வாசலில் வையுங்கள், எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு வழக்கம்போல் ஏதாவது வறுங்கள் அல்லது பொரியுங்கள். எண் எங்கே போகிறது என்று பாருங்கள். என் வீட்டில் சமையலறை சாலையைத் தோற்கடித்துவிட்டது, அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே புகைபோக்கி விசிறி ஓடத் தொடங்கிவிடுகிறது.